பால்கனியில் யாரும் குதிக்கக் கூடாது

— கண்ணைத் திறந்துட்டீங்களே மேடம். கற்பனையில நாம இன்னும் கடற்கரைக்கே போய்ச் சேரலையே.

— எனக்குக் கடற்கரை வரல சார். கண்ண மூடுனா சென்ட்ரிங் பலகைதான் வருது.

— அருமை! அந்தப் பலகையை அப்படியே ஒரு மேகமா நினைச்சுக்குங்க. மெதுவா மிதந்து…

— எதுக்கு சார் மேகமா நினைக்கணும்? அது பலகை. கான்கிரீட் இறுகுற வரைக்கும் அடியில நின்னு தாங்கணும். இறுகுறதுக்கு முன்னாடியே பிரிச்சுட்டானுங்க. மேகமா வந்து தாங்கப் போகுது?

— பாருங்க, கோபம். கோபத்துக்கு அடியில என்ன இருக்கும்னு தெரியுமா? பயம்.

— என் கோபத்துக்கு அடியிலயும் கோபம்தான் இருக்கு. எவ்வளவு வேணா தோண்டிப் பாருங்க, தண்ணி வராது.

— அழகாச் சொல்றீங்க. உங்க எம்.டி. நேத்து என்கிட்ட சொன்னது என்னன்னா, "கெட்டிக்காரப் பொண்ணு. இந்தக் கம்பெனியில இவ்வளவு சின்ன வயசுல யாரும் சீஃப் இன்ஜினியர் ஆனதில்ல. ஆனா ஒரு கையெழுத்துப் போடச் சொன்னா கை நடுங்குது. அந்தப் பயத்த மட்டும் எடுத்து விட்டுருங்க."

— எடுத்து விடுறதுக்கு பயம் என்ன சுளுக்கா சார்?

— மேல போகப் போக நிறைய பேருக்கு இது வரும் மேடம். 'இந்த நாற்காலிக்கு நமக்குத் தகுதி இருக்கா'ன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் கேக்கும். வீட்டுல முதல் ஆளா படிச்சு வந்தவங்களுக்கு இன்னும் சத்தமாவே கேக்கும்.

— உள்ளுக்குள்ள இருந்து ஒண்ணும் வரல. எங்க பெரியப்பா வாயில இருந்து வருது. "பொட்டப் புள்ளயப் படிக்க வச்சு என்னத்தக் கிழிச்ச"ன்னு எங்கப்பாகிட்ட இன்னமும் கேக்கறாரு. ஆபீஸ்ல அதையே இங்கிலீஷ்ல கேக்கறாங்க. நீங்க மெழுகுவத்தி கொளுத்தி வச்சுக் கேக்கறீங்க.

— லாவெண்டர் வாசம் மேடம். மனசை அமைதியாக்கும்.

— எனக்குத் தும்மல்தான் வருது. அணைச்சிருங்க.

— அணைச்சாச்சு. சரி, படிக்கிற காலத்துல பரீட்சைக்கு முன்னாடி பயம் வந்தா என்ன செய்வீங்க?

— எவனாவது ஒருத்தனப் புடிச்சுச் சண்டை போடுவேன். சண்டை போட்டா கை நடுங்காது. நாலு வருஷமும் அப்படித்தான் பாஸானேன். ஹாஸ்டல் வார்டனுக்கு ரத்தக் கொதிப்பே என்னாலதான் வந்துச்சு.

— இன்னைக்கு அந்த வார்டன் நானா?

— உக்காந்திருக்கற லட்சணத்துக்கு அப்படித்தான் தெரியுது.

— பரவாயில்ல, நல்லாத் திட்டுங்க. ஆனா சொல்லுங்க, அந்தக் கையெழுத்துல அப்படி என்ன இருக்கு?

— புது ஆடிட்டோரியம். பால்கனி தூணே இல்லாம முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும். உறுதியா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டாதான் மண்டபத்தைத் திறக்க முடியும். சாம்பிள் எடுத்து மெஷின்ல நசுக்கிப் பார்த்தோம். இருக்க வேண்டிய பலத்துல பாதிதான் இருக்கு. மேல்பக்கம் விரிசல் வேற. கார்ப்பெட்ட விரிச்சு மூடிட்டாங்க.

— தலைமுடி அளவு விரிசல்னுதானே எம்.டி. சொன்னாரு?

— அவரு தலையில முடி இருந்தா அளந்து பார்த்திருப்பேன்.

— சிரிக்க வைக்காதீங்க மேடம், நான் அவருகிட்ட ஃபீஸ் வாங்குறவன். ஒண்ணு சொல்லட்டுமா? வர்ற ஞாயித்துக்கிழமை அந்த மண்டபத்துல முதல் நிகழ்ச்சியே என்னோடதுதான். 'பயமே, ஓடிப் போ!' மேலயும் கீழயும் ஹவுஸ்ஃபுல். நான் பயந்தேனா?

— உங்களோடதா? என்ன பண்ணுவீங்க அதுல?

— முதல்ல மூச்சு. அப்புறம் கொஞ்சம் அழுகை. கடைசியில பாட்டப் போட்டு, எல்லாரையும் எழுப்பி, பயத்தை மிதிச்சே கொன்னுருவோம்.

— மிதிச்சுன்னா?

— குதிக்கணும் மேடம். நான் மைக்ல தாளம் சொல்லச் சொல்ல அத்தனை பேரும்…

— பால்கனியில இருக்கறவங்களுமா?

— அவங்கதான் ஜோரா குதிப்பாங்க. எல்லாம் இளவட்டம்.

— ஒரே தாளத்துல?

— ஒரே தாளத்துலதான். ஏன் மேடம் அப்படிப் பார்க்கறீங்க?

— உக்காந்து கை தட்டுனாலே தாங்குமான்னு தெரியாத பால்கனி சார் அது. ஒரே தாளத்துல குதிச்சா ஆட ஆரம்பிக்கும். குதிக்கக் குதிக்க ஆட்டம் கூடிக்கிட்டே போகும். பாட்டு முடியறப்போ உங்க பயம் மட்டும்தான் உயிரோட மிஞ்சும்.

— பால்கனிக்கு நேர் கீழ என்ன இருக்கு?

— பின் வரிசை. குழந்தைங்களோட வர்றவங்களுக்குன்னு ஒதுக்கின இடம்.

— என் பொண்டாட்டி அங்கதான் உக்காருவா. கைப்புள்ள அழுதா சட்டுனு வெளிய தூக்கிட்டுப் போகலாம்னு.

— தண்ணி குடிங்க சார். உங்க முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிருச்சு.

— மேடம், நீங்க போடாதீங்க! என்ன மிரட்டினாலும் அசையாதீங்க. உங்க பயம் நியாயமான பயம் மேடம். நீங்க போடலன்னா திறக்க முடியாதுல்ல?

— முடியாது.

— அப்பாடா. வயித்துல பாலை வார்த்தீங்க.

— காலையிலயே போட்டுட்டேன் சார்.

— என்னது?

— "இது கையெழுத்துப் பேப்பர், இது ராஜினாமாப் பேப்பர், எதுல வேணா போடு"ன்னு பேனாவ நீட்டுனாரு. பெரியப்பா மூஞ்சி கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. கை கொஞ்சம்கூட நடுங்கல சார். போட்டுட்டேன்.

— அடப்பாவி! அப்புறம் எதுக்கும்மா இங்க வந்து இவ்வளவு நேரம் என்கிட்ட மல்லுக்கு நின்ன?

— நானா போய் அதைத் திருப்பிக் கேக்கத் தைரியம் இல்ல சார். 'இந்தப் பொண்ணு பயத்துல என்ன செய்யறோம்னே தெரியாம செய்யுறா, இவ போட்ட கையெழுத்து எதுவும் செல்லாது'ன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்கன்னுதான் வந்தேன்.