ஆத்துக்கு ரெண்டு கரை

பரவாயில்ல, உக்காருங்க. பஸ்ஸு ஜெயிலுக்குப் போய்ச்சேர இன்னும் ரெண்டு மணி நேரமாவது ஆகும். மொத தடவையா? முகத்துலயே தெரியுது. உள்பாடியில கம்பி இல்லையே? இருந்தா மெஷின் கத்தும், உள்ள விடமாட்டான். போன மாசம் ஒரு அம்மா கக்கூஸ்ல நின்னு பல்லால கடிச்சுக் கம்பிய உருவுச்சு.

நானா? கனடா, வின்ட்சர். ஆத்துப் பாலந்தாண்டி அமெரிக்கப் பக்கம் டெட்ராய்ட் வந்து இந்த பஸ்ஸப் புடிப்பேன். எந்தங்கச்சி யோலாண்டா டெட்ராய்ட்தான். அவ மகன் டாரியஸப் பாக்கத்தான் போறேன். பதினாறு வயசுல கடையில கத்தியக் காட்டிட்டான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. பெரியவங்க கோர்ட்டுல நிறுத்திப் பன்னெண்டு வருஷம் போட்டுட்டாங்க.

எங்க பக்கமா? அத ஏன் கேக்கறீங்க. எம்மகன் மைல்ஸும் அதே வயசுல அதே வேலதான் செஞ்சான். ஒன்றரை வருஷம். பேருகூடப் பேப்பர்ல வரல. உள்ள வெல்டிங் கத்துக்கொடுத்தாங்க. இப்ப வேலைக்குப் போறான், பொண்ணு பொறந்திருக்கு. ஜெர்மனியில இருபது வயசுப் பயலக்கூடச் சில சமயம் சின்னப் பையன் கணக்குலதான் விசாரிப்பாங்களாம். நடுவுல ஓடறது ஒரே ஆறு, ஆனா எந்தக் கரையில தப்புப் பண்ணாங்கறதுலதாம்மா எல்லாம் இருக்கு.

சும்மா விட்டாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. மைல்ஸக் கடைக்காரரு எதிர்ல உக்கார வச்சாங்க. கதவு மணி அடிச்சாலே எனக்கு ஒடம்பு ஒதறுது தம்பின்னாரு. அன்னிக்கு அழுதான் பாருங்க மைல்ஸு! டாரியஸுக்கு, அவன் மெரட்டுன கடைக்காரம்மா பேருகூடத் தெரியாது.

உங்க மகன் என்ன பண்ணான்? வேணாம், சொல்லவேணாம்.

ரெண்டு பயலும் ஒண்ணா வளந்தவங்கதான். யோலாண்டாவுக்கு முடியாமப் போனப்ப, டாரியஸ் மூணு வருஷம் எங்கிட்டதான் இருந்தான். மைல்ஸப் போலீஸ் கூட்டிட்டுப் போன அன்னிக்கே தங்கச்சிக்குப் போன் போட்டேன். ஒம்புள்ளதான்டி எம்புள்ளயக் கெடுத்தான், வந்து கூட்டிட்டுப் போன்னேன். டாரியஸ் தன் பையத் தூக்கிட்டுப் போயிட்டான். நாலே மாசந்தான், இங்க மாட்டிக்கிட்டான்.

நெசமாவே கெடுத்தானான்னா கேக்கறீங்க? எங்க கெடுத்தான்... டாரியஸுக்குத் தண்டனை ஆனப்புறந்தான் மைல்ஸ் வாயத் தொறந்தான். கத்தியோட போகாதடான்னு டாரியஸ் கதவ மறிச்சு நின்னானாம். இவந்தான் தள்ளிவிட்டுப் போயிருக்கான்.

ஆறு வருஷமா வரேன், மன்னிச்சுக்கடான்னு சொல்லத்தான். சாப்டீங்களா பெரிம்மான்னு கேப்பான். சாப்டேன்டான்னு சொல்லிட்டு வந்துருவேன்.