ஒரு ஜோடி சாம்பல் நிற சாக்ஸ்

குடும்ப வேலைகளுக்கு நடுவே பின்னுவதற்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கிடைக்காது. எடுத்துக்கொள்ள வேண்டும். பால் காய்வதற்குள் ஒரு வரிசை போடலாம். வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றுச் சுற்றி நிற்பதற்குள் நான்கு. ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும்வரை என்றால் ஒரு குதிகாலே முடிந்துவிடும். உங்கள் மேசைமேல் இருக்கும் சாக்ஸை அப்படித்தான் பின்னினேன். உங்களிடம் இருப்பது வலது காலுடையது. மற்றதை ஆஸ்பத்திரியில் கத்தரித்து எறிந்துவிட்டார்கள்.

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ரத்தம் வெளியே போய்த் திரும்பி வரும்போது உடம்பு சில்லிட்டுவிடும். நான்கு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். அதற்காக ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். ஒரு கை மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பொத்தான் வைத்துத் திறக்கிற மாதிரி. ஊசி குத்தும் இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடிக்கொள்ளலாம். பதினான்கு வாரம் ஆனது. நான் உட்கார்ந்தாலே என் மாமியாருக்கு ஏதாவது வேண்டியிருக்கும்.

"விஞ்ஞானி, உன் ஆராய்ச்சியை வெச்சுட்டு இங்க வா. என் கண்ணாடியைக் காணோம்."

நான் வேதியியல் படித்தவள். அதனால் அந்தப் பெயர். கண்ணாடி அவர் தலைமேலேயே இருக்கும்.

கழுத்துப்பட்டி மட்டும் பாக்கி இருந்தபோது பொத்தான் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் கட்டில்மேல் ஐந்து நூல் உருண்டைகள் இருந்தன.

"சும்மாதானே கிடந்துச்சு, பிரிச்சு சுத்தி வெச்சேன். என் பையனுக்கு ஒண்ணு பின்னிக் குடு, போட்டுக்கட்டும்."

"அது அப்பாவுக்கு, அத்தை."

"ஆஸ்பத்திரில போர்வை தரமாட்டாங்களா என்ன? இங்க வீட்டு வேலைக்கே ஆள் இல்ல, அங்க பின்னி அனுப்பணுமாக்கும்."

என் கணவர், "அம்மா ஏதோ தெரியாம செஞ்சுட்டாங்க, விடேன்" என்றார். ஸ்வெட்டரைத் தெரியாமல் பிரிக்க முடியாது. மூட்டிய இடங்களைக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டினால்தான் இழை வரும். ஒரு மத்தியானம் முழுக்க ஆகியிருக்கும்.

ஸ்வெட்டர் தாமதமாகும் என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். "அவசரமே இல்லம்மா. குளிர் எங்க ஓடிப்போயிடப் போகுது?" என்றார். அதிலிருந்து இருபத்திரண்டாம் நாள், டயாலிசிஸ் மெஷினில் இருக்கும்போதே போய்விட்டார். அதற்குச் சற்றுமுன் இன்னொரு போர்வை கேட்டாராம். அம்மா சொன்னாள்.

காரியம் முடிந்து வந்து, அந்தச் சாம்பல் நிற உருண்டைகளை எடுத்து வைத்தேன். எனக்குப் பொதுவாகவே பேச வராது.

அடுத்த மாதம் அத்தையைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். அவருக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தை ஒரு நைலான் இழையால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். "நல்லாத் தெரியுதே" என்றார் அத்தை. டாக்டர் அப்போது இழையை எடுத்தே விட்டிருந்தார்.

பிறகு என்னிடம், "கல்லு குத்தினாலும் இவங்களுக்குத் தெரியாது. தினமும் நீங்கதான் பாதத்தைப் பார்க்கணும். லேசா சிவந்தாலும் உடனே கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். தெளிவாகப் பேசுகிற மனிதர். எனக்கு வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டார்.

மறுநாளே ஆரம்பித்தேன். அதே நூல். நூலோடு நூல் சேர்க்கும்போது முடிச்சுப் போடக்கூடாது. நுனியைப் பின்னலுக்குள் கோத்து மறைக்க வேண்டும். நான் முடிச்சுப் போட்டேன். அத்தை கூப்பிடும்போதெல்லாம் நூலை வெட்டிவிட்டு எழுந்துபோவேன். திரும்பி வந்து முடிச்சிட்டுத் தொடர்வேன். எல்லா முடிச்சும் உட்புறமாக, அடிப்பாதத்தில் விழும்படி பார்த்துக்கொண்டேன். கம்பளி மென்மையானது. அதனால் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சொட்டுப் பசை வைத்துக் காயவிட்டேன். மிளகு அளவுக்கு, மிளகைவிடக் கெட்டியாக வந்தது.

அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டம்மாவிடம் காலை நீட்டிக் காட்டினார். "என்னமோ ஊமைக்கோட்டான்னு நினைச்சேன். உள்ளுக்குள்ள எவ்வளவு பாசம் பாருங்க." அதைப் போட்டுக்கொண்டுதான் காலையும் மாலையும் நடக்கப் போனார்.

டாக்டர் சொன்னபடி தினமும் பாதத்தைப் பார்த்தேன். ஒரு நாளும் தவறவில்லை. ஆறாம் நாள் சிவந்தது. பத்தாம் நாள் இடது குதிகாலில் கொப்புளம். பதினேழாம் நாள் வாடை வந்தது. தானே குனிந்து பார்க்க அவருக்கு வயிறு இடம் தராது.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு, அத்தை."

காய்ச்சல் வந்த பிறகுதான் கணவர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வலது காலில் தோல் இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பெத்த மக மாதிரி நிக்கிறியேம்மா. இருக்கிற காலையாவது மூடி விடு. உன் சாக்ஸ் கொண்டு வந்தியா?"

கொண்டு வந்திருந்தேன். மாட்டிவிட்டேன். சாயங்காலம் நர்ஸ் அதைக் கழற்றி, உட்புறம் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஒரு கால் போன பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். சாக்ஸ் ஜோடியாகத்தான் பின்னுவது. முழுவதையும் நானே செய்தேன், தெரிந்தே செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கோபத்தோடு பின்னினால் கை இறுகும், கண்ணிகள் நெருங்கி ஓரம் சுருண்டுவிடும். பின்னுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அதை வெளிப்புறம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு சீராக இருக்கிறது.