பத்து நிமிடத்தில் மாட்டிவிடுவேன்

பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றுவதற்கு மெக்கானிக் கடைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், சார். வீட்டிலேயே செய்யலாம். இரண்டு ஸ்பேனர், ஒரு ரப்பர் சுத்தியல், கீழே விரிக்க ஒரு பழைய போர்வை போதும். பிரேக் கம்பியை விடுவித்து, நட்டைத் திருகி, ஆக்சிலைத் தட்டி உருவினால் சக்கரம் கையோடு வந்துவிடும். கழற்றியதைக் கழற்றிய வரிசையில் போர்வையில் அடுக்க வேண்டும். மாட்டும்போது கடைசியில் இருந்து முதலுக்கு வர வேண்டும். இதை மறந்தவர்கள்தான் முடிவில் ஒரு வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பார்கள்.

எனக்கு மாட்ட எட்டு நிமிடம் போதும். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

பாட்டில் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. கீழ்வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். மாடியில் என் தம்பியும் அவன் மனைவியும். வீட்டுக்கே என் வண்டி ஒன்றுதான். குழாய் ஒழுகினாலும் மின்விசிறி நின்றாலும் தம்பி மனைவி என்னிடம்தான் வருவாள். அரை மணி நேரம் என்று சொன்னால் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பேன். “அத்தான் ஒரு நேரம் சொல்லிட்டார்னா கடிகாரமே பார்க்க வேணாம்” என்று பக்கத்து வீட்டில் பெருமையடிப்பாள். நல்ல பெண். அவள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தம்பி விஷயம் வேறு. அவன் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை என்பார்கள். யாரை வைத்துச் சிரித்தான் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண். அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாள், இரண்டுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். எல்லாம் கைகூடி வந்த நேரத்தில் தம்பி வாயைத் திறந்தான். “எங்க அண்ணனுக்கு எதைக் கண்டாலும் கை அரிக்கும். உங்க பொண்ணையும் பார்ட் பார்ட்டா கழட்டி, துடைச்சு, எண்ணெய் போட்டுத்தான் மாட்டுவான், பார்த்துக்கங்க.” கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கைகளைப் பார்த்தாள். மறுநாளே வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கே பேச்சு நடந்தாலும் அந்தக் கேலி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. தம்பி தன் கல்யாணத்திலும் அதையே சொல்லிக் கைதட்டு வாங்கினான்.

அவனை நான் வெறுத்தேன். வெறுத்துக்கொண்டேதான் அவன் வீட்டுக் குழாயைச் சரிசெய்து கொடுத்தேன்.

அன்று காலை எட்டேகால் இருக்கும். தம்பி மனைவி ஈரத்தலையோடு படியில் ஓடி வந்தாள்.

“அத்தான், அவருக்கு நெஞ்சை அடைக்குதாம். வேர்த்துக் கொட்டுது. வண்டிய எடுங்க.”

நான் வாசலில் போர்வை மேல் உட்கார்ந்திருந்தேன். சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது. “சக்கரத்தக் கழட்டியிருக்கேம்மா. பத்து நிமிஷத்துல மாட்டிருவேன்” என்றேன். எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வண்டியில் ஆறு நிமிடம்.

எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அவரைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டாள்.

“காரோ ஆம்புலன்ஸோ பெரிய ரோட்டைச் சுத்திக்கிட்டுப் போகணும், இந்நேரம் நெரிசல்ல மாட்டிக்கும். நம்ம வண்டி சந்து வழியாப் போயிரும். நீ மேல போய் அவன்கூட இரு. பத்தே நிமிஷம்.”

அவள் நம்பினாள். இருபது வருடமாக என் நேரம் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அவள் மேலே போன சற்று நேரத்தில் டாக்ஸிக்காரர் சவாரிக்குக் கிளம்பினார். கையசைத்தார். நானும் அசைத்தேன்.

பிரேக் டிரம்மைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் துடைத்தேன். செயின் தளர்வை இரண்டு பக்கமும் கோடு பார்த்துச் சமமாக வைத்தேன். மாடிச் சன்னலில் இருந்து இரண்டு தடவை, “முடிஞ்சுதா அத்தான்?” என்று கேட்டாள். இரண்டு தடவையும், “கடைசி நட்டும்மா” என்றேன். மூன்றாவது தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை, அழுகைதான் கேட்டது. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை.

செயின் கவரின் உள்பக்கத்தில் நான் மார்க்கரால் தேதி எழுதிவைப்பதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். பாராட்ட வேண்டிய விஷயம். கடைசியாக இருப்பது அவன் இறந்ததற்கு எட்டு நாள் முந்திய தேதி. எட்டு நாளைக்கு முன்னால் முழுசாகப் பார்த்து முடித்த வண்டியை ஏன் மறுபடி கழற்றினாய், கழற்றியிருந்தால் ஏன் தேதி போடவில்லை என்று கேட்கிறீர்கள். போட்டிருந்தால் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டே இருக்க மாட்டீர்கள், தெரியும். ஆனால் பராமரிப்புக்குத்தான் தேதி போடுவேன். அன்றைக்குச் செய்தது பராமரிப்பு இல்லை. பொய்த் தேதி எழுத எனக்குக் கை வராது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வண்டியை வாசலுக்கு எடுத்தேன். சக்கரம் வண்டியில்தான் இருந்தது. மேலே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். தம்பி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது. “அண்ணா” என்றான். “அண்ணா, முடியல. மேல வாண்ணா.”

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தபடி நின்றேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல, சார். அவன் மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு நிமிடம் முழுசாகக் கொடுத்தேன். அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன்.