பையை எடுத்தவன்

— இந்தத் துண்டை ஆர் எழுதினது, அண்ணை? நீங்களோ?

— ஓம் தங்கச்சி, என்ரை கையெழுத்துத்தான். விளங்கேல்லையோ?

— எழுத்து நல்லா விளங்குது. பேர்தான் விளங்கேல்லை. போன கிழமை தந்த பட்டியலிலை ‘யூதாஸ் – அடைக்கலநாதன்’ எண்டு கிடந்தது. இண்டைக்கு உங்கடை பேரை வெட்டிப்போட்டு ‘டிலான் நேசராஜா’ எண்டு எழுதி அனுப்பியிருக்கிறியள். பேப்பரிலை என்ரை பக்கம் நாலு மணிக்கு அச்சுக்குப் போகுது. அதுதான் உங்களைக் குருநகரிலையிருந்து வரச் சொன்னனான்.

— அதுக்கென்ன, ஆள் மாறியிட்டுது. ஒரு பேரை மாத்த ஒரு நிமிசம் காணுமே. வலையைக் கரையிலை போட்டிட்டு ஓடி வந்தனான், நான் வாறன்.

— இருங்கோ. அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ.

— சரி, இருக்கிறன். உங்களைப் பாக்க எனக்கு அதிசயமாக் கிடக்கு. ‘இந்த மாதம் பாக்கவேண்டிய நாடகங்கள் – எழுதுவது கடைசி வரிசை’ எண்டு வாசிச்சு வாசிச்சு, ஆரோ தாடி வைச்ச ஆம்பிளை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்.

— நான் எங்கை போனாலும் கடைசி வரிசையிலைதான் இருக்கிறனான். அதுதான் அந்தப் பேர். செவ்வாய்க்கிழமை உங்கடை திருப்பாடுகளின் நாடக ஒத்திகைக்கும் வந்து கடைசி வரிசை வாங்கிலை இருந்தனான்.

— என்ரை மாதாவே! ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே.

— சொல்லிப்போட்டு வந்தால் எல்லாரும் எனக்காக நடிப்பினம். அண்டைக்கு யூதாஸா நடிச்சது நீங்கள். அந்தப் பெடியனை அந்தத் திடலிலையே நான் காணேல்லை. மூண்டு நாளிலை ஆள் எப்பிடி மாறினது?

— மாறினதெண்டால் மாறினதுதான். உங்களுக்கேன் அந்த ஆராய்ச்சி?

— என்ரை பக்கத்தை நம்பித்தான் சனம் பஸ் ஏறி வருது. இந்த மாதம் கரவெட்டியிலை ஒரு இசை நாடகம் கிடக்கு. திருநெல்வேலியிலை கம்பஸ் பெடியள் ரெண்டு பேரை மட்டும் வைச்சு ஒண்டு செய்யினம், அதுவும் நல்லது. எல்லாத்தையும் பாத்திட்டுத்தான் எழுதியிருக்கிறன். பாக்காத ஆளைப் பாத்தன் எண்டு எழுதமாட்டன். உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டில் குருநகரை எடுத்துப்போட்டு மற்ற ரெண்டையும் மட்டும் போடுறன்.

— ஐயோ, அப்பிடிச் செய்யாதேங்கோ! அறுபது பேர் தவக்காலம் தொடங்கின நாளிலையிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கினம்.

— அப்ப சொல்லுங்கோ.

— சொல்லுறன், பிள்ளை. எங்கடை திடலிலை ஒரு வழமை. முதல் ஒத்திகையிலை சாமான் எல்லாத்தையும் மேசையிலை பரப்பி வைப்பினம். முள்முடி, ஈட்டி, பிலாத்து கை கழுவுற சட்டி, எல்லாம். ஆர் எதை எடுக்கினமோ அவைக்கு அந்த வேசம். நோட்டீஸிலையும் அவையின்ரை பேர்தான். முள்முடிக்குப் பெரிய அடிபாடு நடக்கும். காசுப் பையை மட்டும் ஒருத்தரும் தொடமாட்டினம்.

— யூதாஸின்ரை பை.

— ஓம். இருபத்தொரு வருசத்துக்கு முதல் அது மேசையிலை தனியக் கிடந்தது. எல்லாரும் கூரையைப் பாத்துக்கொண்டு நிக்கினம். காட்டிக்குடுக்க ஆளில்லாமல் ஆண்டவரை எப்பிடிச் சிலுவையிலை ஏத்துறது? நான் எடுத்தன். ஒரு வருசத்துக்கு எண்டுதான் எடுத்தனான். அதுக்குப் பிறகு ஒருத்தனும் கிட்ட வரேல்லை.

— நல்லாத்தானே நடிக்கிறியள்.

— நல்லா நடிச்சதுதான் வந்த வினை! மீன் சந்தையிலை ‘யூதாஸ் அண்ணை, பாரை என்ன விலை’ எண்டுதான் கேக்கினம். நான் சிரிச்சுப்போட்டு விலை சொல்லுவன். ஆனால் என்ரை மகள் சுபாஜினியைப் பள்ளிக்கூடத்திலை ‘யூதாஸின்ரை பெட்டை’ எண்டு கூப்பிட்டவை. வீட்டை வந்து கட்டிலுக்குக் கீழை பூந்துகொண்டு அழுவாள். அப்பவும் அடுத்த வருசம் நான் பையை எடுத்தனான், தங்கச்சி. விசரன்.

— சரி, அதை விடுங்கோ. டிலான் எங்கையிருந்து வந்தவன்?

— புதன்கிழமை வந்து என்ரை கையிலையிருந்து பையை வாங்கிப்போட்டான். உடுப்போடை செய்யிற ஒத்திகைக்கு முதல் ஆரும் கேட்டு வாங்கலாம். வாங்கினால் வேசமும் பேரும் அவனுக்கு. அது பொய்யில்லை, வழமை.

— அப்ப அடுத்த சனிக்கிழமை மேடையிலை ஏறப்போறது அவனோ?

— அது... அவனுக்கு நடிக்க வராது.

— தெரியும். நாலு பேர் பாத்தாலே வாய் கட்டிப்போடும்.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— இல்லை... புதுசா வாற பெடியள் எல்லாம் அப்பிடித்தானே. நீங்கள் சொல்லுங்கோ.

— ஏறுறது நான்தான். தாடியும் முக்காடும் போட்டால் நானோ அவனோ எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?

— குரலிலை தெரியும். கடைசி வரிசைக்கே தெரியும்! அண்ணை, ஏன் இந்தக் கூத்து? உங்கடை வேசத்தை நீங்கள் நடிக்க, பேரை மட்டும் அவன் ஏன் சுமக்கவேணும்?

— ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ.

— எழுதமாட்டன். அவ்வளவுதான் என்னாலை சொல்லேலும்.

— அவன் என்ரை சுபாஜினியைக் கட்டப்போறவன். ரெண்டு பேரும் கரவெட்டியிலை ஒரே கந்தோரிலை வேலை. ரெண்டு வருசமாப் பழக்கம்.

— ரெண்டு வருசமோ!

— ஏன் பிள்ளை, திடுக்கிட்டுப் போனியள்?

— ஒண்டுமில்லை. மணியைப் பாத்தனான்.

— நல்ல பெடியன். வெறி குடி ஒண்டுமில்லை. பிரச்சினை அவனில்லை, தாய். மானிப்பாய்ப் பக்கம், மிஷன் ஆக்கள், புரட்டஸ்தாந்துச் சபை. நாங்களும் வேதக்காரர்தான், கத்தோலிக்கர், ஆனால் அவையின்ரை நடப்பு வேறை. தகப்பன் இல்லை, அந்த மனுசிதான் வளத்தது. இன்னும் அந்த மனுசிக்கு ஒரு சொல்லும் தெரியாது.

— ரெண்டு வருசமா ஒரு தாயை ஏமாத்திக்கொண்டு திரியினம். நீங்களும் அதுக்குத் துணை.

— ஏமாத்தில்லை, பயம்! மனுசி சிரிக்கிறதே குறைவாம். ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பத்தவைக்கமாட்டாவாம். நாடகம், கூத்து எண்டால் மூஞ்சை கறுத்துப்போமாம். அப்பிடிப்பட்ட மனுசியிட்டைப் போய், ‘அம்மா, நான் குருநகர் யூதாஸின்ரை மகளைக் கட்டப்போறன்’ எண்டு சொல்லேலுமோ? செருப்பாலை அடிக்காதோ?

— அப்பிடியோ அவன் சொன்னவன்? தாய் சிரிக்கமாட்டா எண்டு?

— அவன் அன்பாத்தான் சொன்னவன். பாவம், தாயிலை உயிர். தாய் கிழமைக்கு ரெண்டு தரம் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போறவவாம். அண்டைக்கு மட்டும் முகம் கொஞ்சம் வெளிச்சமா இருக்குமாம்.

— ம்.

— அதுதான் அவன் ஒரு ஓசனை போட்டவன். தாய் உந்தப் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பாவாம். ‘யூதாஸ் – டிலான்’ எண்டு கண்டால் முதல் சண்டை அவனோடை. ‘எல்லாக் கோவத்தையும் என்னிலை கொட்டட்டும், மாமா. அது ஆறினாப்போலை சுபாஜினியைப் பற்றிச் சொல்லுறன். தன்ரை மகனே யூதாஸ் எண்டால், பிறகு உங்களை என்னெண்டு குறை சொல்லுறது?’ எண்டு கேட்டவன். இப்பிடி ஒரு பிள்ளையை நான் எங்கை தேடிப் பிடிக்கிறது, சொல்லுங்கோ!

— சுபாஜினி என்ன சொன்னவள்?

— ‘இவ்வளவு நாளும் யூதாஸின்ரை பெட்டை, இனி யூதாஸின்ரை பெண்சாதியோ’ எண்டு அழுதாள். பேந்து அழுகையோடையே சிரிச்சாள்.

— அக்கா, கதைக்கேக்கை குறுக்கை வாறன், குறை நினைக்காதேங்கோ. அச்சுக்கூடத்திலையிருந்து ரெண்டு தரம் கோல் பண்ணிப்போட்டினம். உங்கடை பக்கம் ஒண்டுதான் மூடாமல் கிடக்கு.

— பத்து நிமிசம் தா, உதயகலா. பேர் ஒண்டு சரிபாக்கவேணும்.

— பத்தெண்டால் பத்துத்தான் அக்கா. பிறகு அவங்கள் என்னைத்தான் ஏசுவாங்கள்.

— பாத்தியளோ, தங்கச்சி, நேரமும் இல்லை. டிலான் எண்டே போட்டுவிடுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

— போடமாட்டன்.

— ஏன்?

— பொய்யைப் போட்டுப் பழக்கமில்லை.

— அப்பிடியோ? அப்ப உங்கடை பேர் என்ன? தாய் தகப்பன் வைச்ச பேர்?

— அது இதிலை என்னத்துக்கு?

— வீட்டிலை தெரியுமோ, நீங்கள் இப்பிடி நாடகம் நாடகமாத் திரிஞ்சு எழுதுறது?

— ...தெரியாது.

— கோதாரி! நீங்கள் பேரை ஒளிச்சால் அது புனைபெயர். நான் ஒளிச்சால் பொய்யோ? நீங்கள் என்னத்துக்கு ஒளிச்சனியள்? ஆரோ ஒருத்தர் என்ன நினைப்பினமோ எண்டுதானே? எனக்கும் அதேதான். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

— என்ரை மாமனார் போதகர். சபைக்காரர் கதைப்பினம் எண்டு முதலிலை ஒளிச்சன். பேந்து... வீட்டிலை இருக்கிற பிள்ளைக்கும் சொல்லாமலே விட்டிட்டன். நீங்கள் கேட்டது சரி அண்ணை.

— குறை நினைக்காதேங்கோ. நெஞ்சு நொந்துபோய்க் கதைச்சுப்போட்டன்.

— உங்களைப் பற்றி எழுதினதை வாசிச்சுக் காட்டட்டோ? ‘இந்த மாதம் ஒரேயொரு நாடகத்துக்குத்தான் போகமுடியுமென்றால், குருநகர்க் கடற்கரைக்குப் போங்கள். யூதாஸாக வரும் அடைக்கலநாதன் முத்தமிட்டுவிட்டுத் திரும்பும்போது, கையிலுள்ள பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறுகிறார். இருபது ஆண்டுகளாக நாடகம் பார்க்கும் நான், அந்த ஒரு கணத்தில் அழுதேன்.’

— நிப்பாட்டுங்கோ.

— ஏன் அண்ணை?

— அது நடிப்பில்லை, பிள்ளை. ஒவ்வொரு வருசமும் அந்த இடத்திலை, இதைக் கொண்டுபோய் எங்கையாவது போட்டிட்டு ஓடுவமோ எண்டு மெய்யாகவே வரும். ஒருத்தரும் கண்டதில்லை. நீங்கள் கண்டிட்டியள். உங்களுக்குத் தெரியுமோ, அந்தப் பேரை வெட்டேக்கை ரெண்டு தரம் பேனையை வைச்சிட்டு எழும்பினனான். பழிப் பேர்தான். எண்டாலும் என்ரை பேர். ஆனால் மகளை விட அது பெரிசில்லை. வெட்டிவிடுங்கோ. அழுததையும் வெட்டிவிடுங்கோ.

— அந்த மனுசிக்கு நாடகம் பிடியாது எண்டு டிலான் எதை வைச்சுச் சொல்லுறான்?

— அஞ்சாம் வகுப்பிலை நத்தாருக்குப் போட்ட பாலன் பிறப்பு நாடகத்துக்கு அவனை இடையனா எடுத்தவையாம். உடுப்பெல்லாம் தைச்சு வைச்சிருந்ததாம். அண்டைக்குக் காலமை தாய் கதவைப் பூட்டிப்போட்டுப் போகவேண்டாம் எண்டு மறிச்சவவாம். அவன் அழுதழுது நித்திரையாப் போனானாம். எழும்பிப் பாத்தால் உடுப்பையும் காணேல்லையாம். அண்டையிலையிருந்து வீட்டிலை நாடகத்தைப் பற்றி அவன் வாயே திறக்கிறதில்லை.

— அண்டைக்கு அவனுக்கு நூற்றிமூண்டு காய்ச்சல், அண்ணை.

— என்ன?

— ஈரச்சீலை போட்டுப் போட்டுக் காய்ச்சலை இறக்கினது. அந்த உடுப்பைக் கண்டால் இன்னும் அழுவான் எண்டு அலுமாரிக்கு மேலை ஒளிச்சு வைச்சது. இப்பவும் அங்கைதான் கிடக்கு. ஒருநாள் எடுத்துக் காட்டியிருக்கவேணும். காட்டேல்லை. பதினெட்டு வருசமா அவன் இப்பிடியோ நினைச்சுக்கொண்டிருந்தவன்...

— தங்கச்சி... நீங்கள்...

— அக்கா, பத்து நிமிசம் முடிஞ்சுது. என்ன பேரைப் போட?

— பழைய பேரையே போடு, உதயகலா. ‘யூதாஸ் – அடைக்கலநாதன்’. கீழை ‘கடைசி வரிசை’ எண்டதை எடுத்துப்போட்டு ‘றெபேக்கா நேசராஜா’ எண்டு போடு.

— அக்கா! சொந்தப் பேரோ? வீட்டிலை மகன் வாசிச்சால்?

— வாசிக்கட்டும். அண்ணை, ஏன் எழும்பி நிக்கிறியள்? இருங்கோ. இருந்து கண்ணைத் துடையுங்கோ. சனிக்கிழமை எனக்கு முன்வரிசையிலை ஒரு கதிரை போட்டு வையுங்கோ. சம்பந்தியைக் கடைசி வாங்கிலை இருத்தினால் குருநகர்ச் சனம் உங்களை என்ன கதைக்கும்?