பாட்டுக்கு அடியில்

சிடி பிளேயர் சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருந்த சமயம். ஜூரோங் போகும் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"நான் வாசிக்கிறது பாட்டுல எங்க இருக்குன்னு என் வைஃபுக்கு நேத்துதான்லா தெரிஞ்சுச்சு."

"என்னண்ணே, பத்து வருஷமா பேண்டுல பேஸ் கிட்டார் வாசிக்கிறீங்க. நீங்க வாசிக்கிற ஒரு கல்யாண டின்னர் விடாம அண்ணி வர்றாங்களே?"

"வருவா. ஆனா டிரம்ஸு, கீபோர்டு சத்தத்துல என்னுது அவ காதுல விழுந்ததே இல்ல. கேசட்டுலயும் ஒரே இரைச்சல். நேத்து சிராங்கூன் ரோடு கடையில சிடி போட்டு, அவளுக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டாங்க. யாரோ வெள்ளக்காரன் பேண்டு. அவ்ளோ க்ளீனு! 'அடியில தும் தும்னு போகுதே, அதுதான் உங்க வேலையா?'ன்னு கேட்டா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்த மிஷினக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கணும்."

"அப்ப இத்தன வருஷம் எதைக் கேக்க வந்தாங்களாம்?"

"நானும் அதத்தான் கேட்டேன்."

பஸ் தொழிற்சாலை வாசலில் நின்றது. அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"'கேக்கவா வந்தேன்? வாசிக்கிறப்ப கண்ண மூடிக்கிட்டு சிரிப்பீங்கல்ல, அதப் பாக்க வந்தேன்'னு சொன்னா."