துக்கத்துக்கு ஒரு கையுறை

இந்தக் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. கரக் மலையில் துக்கவீட்டுக் காபி குடித்து வளர்ந்தவன் நான். கசப்பு பழகிய நாக்கு.

கையுறையைப் பற்றிக் கேட்டீர்கள். அதன் விரல் நுனிகளில் மெல்லிய ரப்பர்ப் பைகள் இருக்கும். காற்று ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். இங்கே சொந்தக்காரர்கள் நின்று கைகொடுக்கும் துக்க வரிசையில் ஒரு ரப்பர்க் கையை நிறுத்திவைப்போம். வருகிறவர்கள் அதைப் பிடித்து ஆறுதல் சொன்னால், அந்தப் பிடி கனடாவில் கையுறை மாட்டியிருக்கும் பிள்ளையின் விரல்களில் அப்படியே விழும். அப்பன் சாவுக்கு வர முடியாத பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர். அவர்களுக்காகத்தான் செய்தேன்.

சிக்கல் என்னவென்றால், துக்கப் பிடியை நடிக்க முடியாது. ஆய்வகத்தில் மாணவர்களை விட்டுப் பார்த்தோம். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி குலுக்கினார்கள். உண்மையான துக்கவீட்டில் இயக்கிக் காட்டாவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவதாக தலைநகர் அம்மானிலிருந்து பணம் போட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் குலத்திலோ அந்தப் பருவத்தில் ஆளாளுக்குக் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள். ஒரு கிழவருக்குக்கூட இருமல் இல்லை.

அதனால் சித்தப்பா அபூ நவ்வாஃப் வீட்டுக்குப் போனேன். அவர் மகன் நவ்வாஃப் கனடாவில் இருக்கிறான். என் கையுறை ஒன்றை அவனுக்கு முன்பே அனுப்பியிருந்தேன். காபி வந்தது. தொடாமல் கீழே வைத்தேன். கோரிக்கையோடு வந்தவன் அப்படித்தான் வைப்பான். அவனை வெறுங்கையோடு அனுப்பினால் வீட்டுக்காரருக்குத்தான் இழுக்கு. உங்கள் வீட்டிலும் அதுதானே வழக்கம்.

"குடிடா மகனே. நீ என்ன கேட்டு வந்தியோ, அது உனக்குத்தான்," என்றார், என்னவென்று கேட்காமலே.

குடித்துவிட்டுச் சொன்னேன். "சித்தப்பா, நீங்க மூணு நாளைக்குச் செத்துப்போகணும்."

"அடப்பாவி, நீ பொண்ணு கேட்டுல்ல வந்திருக்கேன்னு நினைச்சேன்," என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் சொல் சொல்தான். பின்னறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்மானில் இறந்து அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது என்று ஊருக்குச் சொன்னேன். நவ்வாஃபுக்கும் அதையேதான் சொன்னேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். ஒரே ஒரு பொய்யில் ஒரு துக்கம் நடத்தக் கூடாதா?

முதல் நாள் பிடிகள் அருமையாக இருந்தன. பணம் போட்டவர்கள் மூன்றாம் நாள் வருவதாக ஏற்பாடு. இரண்டாம் நாள் மதியம் பந்தலில் மன்சஃப் சோறு இறங்கியது. ஆட்டுக்கறியும் தயிர்ச் சாறும் மணந்ததும் சித்தப்பா வெளியே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"என் சாவுக்கு ஆக்கின சோத்தை நான் திங்கக் கூடாதாடா? இது எந்த ஊர் நியாயம்?"

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துக்கொண்டே ஆளாளுக்கு ரப்பர்க் கையையும் பிடித்துக் குலுக்கினார்கள். உடனே நவ்வாஃப் போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, நேத்து நல்லா இருந்துச்சு. இன்னைக்கு எல்லாக் கையும் சிரிக்கிற மாதிரி குலுங்குது. எங்கப்பா செத்தது ஊருக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா?"

அவன் அழுததைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை, ஐயா. அனாதையாக நின்றவனிடம் பொய் சொல்லியிருந்தேன். அதைச் சரிசெய்ய ஒரே வழிதான் இருந்தது.

சித்தப்பாவின் பெயரையும் யோசித்தேன். மூன்று நாள் என்று வாக்குக் கொடுத்தவர் ஒன்றரை நாளில் எழுந்து வந்துவிட்டார். வாக்குத் தவறியவர் என்று நாளைக்கு நாலு பேர் பேசலாமா? வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தலையணை கிடந்தது. எவ்வளவு அழுத்த வேண்டும், எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பதெல்லாம் என் தொழில். மிச்சமிருந்த ஒன்றரை நாளைக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊர் முடிவு கட்டியது. சிரித்த பாவத்துக்கும் சேர்த்து மறுநாள் அழுதார்கள். அம்மான்காரர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசியாக நானும் ரப்பர்க் கையைப் பிடித்தேன்.

ஒலிபெருக்கியில் நவ்வாஃப் தேம்பினான். "அண்ணே, இது யாரு கை? விடவே மாட்டேங்குது. எங்கப்பா மேல உண்மையாப் பாசம் வச்சிருந்தது இந்த ஒரு கைதான்."

என் கருவி பொய்ப் பிடியைக் கண்டுபிடித்துவிடும், ஐயா. எல்லோருக்கும் முன்னால் அது நிரூபணமானது. அந்தக் கைக்குப் போய் விலங்கு மாட்டியிருக்கிறீர்கள்.