வெள்ளையம்மாவின் பெயர் அச்சேறிய பதினோராம் கட்டுரை

தலைமை தாங்கித் தளராமல் வீற்றிருக்கும் கூலாய் ஊர் வணிகர் நைனா முகம்மது அவர்களே! பெக்கோக்கிலிருந்து ரயிலேறி இந்தச் செடெனாக்குக்கு வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையையும், முகத்தில் இவன் எப்போது முடிப்பானோ என்ற கவலையையும் வைத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்!

இன்று நாம் பொன்னாடை போர்த்துவது யாருக்கு? படை நடத்தியவருக்கா? பல்லக்கில் வந்தவருக்கா? இல்லை. மண்ணைக் கிளறி, மண்ணுக்குள் வாழும் கிருமியை ஆராயும் நம் ஜெயபாலனுக்கு! ஜோகூர் பாரு ஆராய்ச்சிக்கூடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி முன் குனிந்தே கழித்தவை பத்து ஆண்டுகள். அச்சேற்றியவை பதினொரு கட்டுரைகள்.

பின்வரிசையில் மூர்த்தி கேட்கிறார், கிருமி என்றால் காய்ச்சல் வருமே, அதற்கா மாலை என்று. இல்லை மூர்த்தி. இது பயற்றங்கொடியின் வேரில் குடியிருந்து, காற்றிலுள்ள சத்தைப் பிடித்து, மண்ணுக்குச் சமைத்துப் போடும் கிருமி. வீட்டில் சமைப்பவரை ஒருநாளும் பாராட்டாத நீங்கள் இதையாவது பாராட்டலாம்.

முதல் பத்துக் கட்டுரைகளை யார் படித்தார்கள்? எழுதிய அவர் படித்தார். அச்சுக் கோத்தவர் படித்தார். ரயிலில் என் கையில் திணித்ததால், ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகிய நானும் படித்தேன், படித்தபடியே தூங்கியும் போனேன். அவரே சிரிக்கிறார், பாருங்கள்.

பதினோராவது கட்டுரைதான் கதை. ரப்பர் மரத்தடியில் ஒரு புல் தெரிந்தால் எங்கள் துரைக்குச் சோறு இறங்காது. களையெடுக்கும் பெண்கள் தரையைச் சுரண்டோ சுரண்டு என்று சுரண்டுவார்கள். மழை வந்து அந்த மண்ணை அள்ளி ஓடையில் கொட்டும். களையெடுக்கும் வெள்ளையம்மா இதைப் பார்த்தார். மண் ஓடாமலிருக்க, மூன்று வரிசையில் மட்டும் தரையில் படர்ந்த காட்டுப் பயற்றங்கொடியை வெட்டாமல் விட்டார்.

முப்பத்திரண்டாம் வருஷம், ரப்பர் விலை விழுந்து ஆட்களை இந்தியாவுக்கே திருப்பிக் கப்பலேற்றிய நேரம், அந்தக் கொடி துரையின் கண்ணில் பட்டது. வேரைப் பிடுங்கினால் உருண்டை உருண்டையாக முடிச்சுகள். பூச்சி முட்டை என்றார் கங்காணி. இரண்டு மாதம் கழித்துப் புறப்படும் கப்பலுக்கு வெள்ளையம்மாவின் பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் எழுதப்பட்டன. எழுதிய கை எது? இந்தக் கைதான். வெட்கத்தோடு சொல்கிறேன்.

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. கொடியை வேரோடு சாக்கில் கட்டி, மண்ணைச் சோதிப்பவர் யாரென்று விசாரித்து, ஜோகூர் பாருவுக்கு ரயிலேறிப் போய் ஜெயபாலனின் மேசையில் வைத்தார்.

"ஐயா, இது முட்டை இல்லைலா. முட்டைன்னா மரம் இந்நேரம் செத்திருக்கணும். இது இருக்குற எடத்துலதான் மரம் நல்லா இருக்கு. கொஞ்சம் பாருங்க."

பார்த்தார் ஜெயபாலன். முடிச்சு முழுக்க அந்தக் கிருமி! தோட்டத்துக்கு வந்து இருபது குழி தோண்டினார், மண்ணைச் சோதித்தார், எழுதினார். முதலில் கண்டவர் வெள்ளையம்மா என்றும் எழுதினார். களையெடுப்பவள் பெயரைப் போடும் வழக்கம் இல்லை, அந்தப் பெயரை எடுத்தால் இந்த மாதமே அச்சு, இல்லையென்றால் காத்திருக்கவும் என்று சிங்கப்பூர்ப் பத்திராதிபர் பதில் போட்டார். கப்பலுக்கோ பதினெட்டே நாள்!

விட்டாரா நம்மவர்? சிங்கப்பூருக்கே போய்ப் பத்திராதிபர் எதிரில் உட்கார்ந்தார். கிருமியைப் பார்த்தவன் நான், அதன் வேலையைப் பார்த்தவர் அவர், அவர் பெயரில்லாமல் போட்டால் இது திருட்டு என்றார். அரைநாள் வாதாடினார். அந்த மாதமே, பெயரோடே, கட்டுரை வந்தது. தோட்டத்தின் தலைமை அலுவலகம் அதைப் படித்தது. அந்த வரிசைகளையும் தொடாதே, அந்த அம்மாவையும் அனுப்பாதே என்று துரைக்குக் கடிதம் வந்தபோது கப்பலுக்கு மூன்று நாள் இருந்தது.

இன்று ஜாவாவில் எழுதுகிறவர்களும் இலங்கையில் எழுதுகிறவர்களும் அந்தக் கட்டுரையைச் சுட்டாமல் எழுதுவதில்லை. நம் தோட்டம் முழுக்கக் கொடி படர்ந்திருக்கிறது. ஓடையில் தண்ணீர் தெளிந்து ஓடுகிறது.

அந்தப் பத்திரிகையை வெள்ளையம்மாவிடம் கொண்டுபோனவன் நான். படித்துக் காட்டவா என்று கேட்டேன். ஆங்கில எழுத்து ஒன்றுகூட அறியாத அவர், பக்கத்தைத் தாமே புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதுதானுங்க என் பேரு. ஜெயபாலன் ஐயா முன்னமே வந்து காட்டிட்டாங்க. என் பிள்ளைங்களுக்கும் காட்டிட்டேன்."

பெரியோர்களே, தாய்மார்களே! பொறுமையோடு கேட்டதற்கு நன்றி. பொன்னாடையை நான் போர்த்தப் போவதில்லை. வெள்ளையம்மா அவர்களே, முன்வரிசையில் ஒளிந்தது போதும், மேடைக்கு வந்து ஜெயபாலனுக்கு நீங்களே போர்த்துங்கள்! எழுந்து நின்று அவரை வரவேற்போம். வணக்கம்!